குலமுறை கிளத்தும் பொதுமொழி

இங்கிலாந்து நாட்டில் கிளாஸ்டர் என்பது ஒரு பழைய நகரம். 1844-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அந்நகரத்துப் புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் ஒரு விந்தையான காட்சி நிகழ்ந்து வந்தது. வடக்கே பர்மிங்காமிலிருந்து வரும் வண்டி அங்கு வந்ததும் நின்றுவிடும். தெற்கே பிரிஸ்டல் நகரத்திற்குச் செல்ல வேண்டிய பயணிகள் அனைவரும் மூட்டை முடிச்சுகளோடு கீழே இறங்கி, வேறொரு வண்டியில் ஏறுவர். சரக்குப் பெட்டிகளையும் மூட்டைகளையும் கூலியாட்கள் ஒவ்வொன்றாக இறக்கி, மறு வண்டியில் ஏற்றுவர். அந்த ஆரவாரத்தில் சில பொருள்கள் உடையும். சில காணாமற் போகும். சில தவறான ஊருக்குச் சென்று சேரும்.

இதற்குக் காரணம் யாது? பர்மிங்காம் பாதையில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 4 அடி 8½ அங்குலம். பிரிஸ்டல் பாதையிலோ அது 7 அடிக்குச் சற்று மேற்பட்டது. இரு பாதைகளும் உறுதியாக அமைந்தவையே. இரு வண்டிகளும் நன்றாக ஓடுபவையே. ஆயினும் ஒன்று மற்றொன்றின் பாதையில் ஓட இயலாது. தனித்தனியே நோக்கின் குறை ஒன்றும் இல்லை. இரண்டும் கூடும் இடத்திலேயே தொல்லை பிறந்தது. 1846-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றியது. எனினும் அகன்ற பாதை முற்றிலும் நீங்குவதற்கு 1892-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓர் அளவைப் பொதுவாக ஏற்றுக்கொள்ள, செல்வமும் அறிவும் மிக்க ஒரு நாட்டிற்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

பண்டங்களுக்குப் பாதை இருப்பது போலவே செய்திகளுக்கும் பாதை உண்டு. ஒருவர் திரட்டிய செய்தி மற்றொருவரிடம் சிதையாமற் சென்று சேர வேண்டுமாயின், இருவரும் ஏற்றுக்கொண்ட பொது நெறி ஒன்று இருத்தல் வேண்டும். குடும்ப வரலாறு எழுதுவோர் அத்தகைய நெறியொன்றைத் தேடி நடந்த வழியை இப்பாடத்தில் காண்போம்.

குலமுறை அறியும் விருப்பம்

தாம் யார் வழி வந்தோம் என்று அறிய விரும்புதல் மக்களுக்கு இயல்பு. கம்பராமாயணத்துப் பாலகாண்டத்தில் குலமுறை கிளத்து படலம் என்றொரு பகுதி உண்டு. விசுவாமித்திர முனிவர் சனக மன்னனுக்கு இராமனுடைய முன்னோரை முறையாக எடுத்துரைக்கும் பகுதி அது. மேலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் விவிலிய நூலின் வெற்றுத் தாள்களில் பிறப்பும் மணமும் இறப்பும் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. கங்கைக் கரையிலுள்ள அரித்துவாரத்தில், பண்டாக்கள் எனப்படும் புரோகிதர் தம்மை நாடி வரும் யாத்திரிகர் குடும்பங்களின் வழிமுறையைப் பல தலைமுறைகளாக ஏடுகளில் எழுதிக் காத்து வருகின்றனர்.

இம்முயற்சியைப் பேரளவில் மேற்கொண்ட நகரம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ளது. யூட்டா மாநிலத்தின் தலைநகராகிய சால்ட் லேக் நகரமே அது. பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் சமயச் சபையின் தலைமையிடம் அங்கு இருக்கின்றது. முன்னோரைத் தேடி அறிதல் அச்சபையார்க்குச் சமயக் கடமைகளுள் ஒன்று. ஆகவே 1894-ஆம் ஆண்டில் யூட்டா மரபுவழிக் கழகம் என்னும் அமைப்பை அவர்கள் நிறுவினார்கள். 1938-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் படம் பிடித்தார்கள். அச்சுருள்கள் ஏறத்தாழ 24 இலட்சம் ஆயின. நகரத்திற்கு அண்மையிலுள்ள கருங்கல் மலையொன்றைக் குடைந்து, அதனுள் அவற்றைக் காத்து வைத்தார்கள். அச்சுருள்களிலுள்ள பதிவுகளைக் கணிப்பொறியில் காணத்தக்க படங்களாக மாற்றும் பணி 2021-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இக்கழகத்தின் வழிவந்த அமைப்பே இன்று ஃபேமிலிசர்ச் என்னும் பெயரால் வழங்குகின்றது.

கணிப்பொறியும் புதிய இடர்ப்பாடும்

தாளில் குலமரம் வரைவது எளிதன்று. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்தம் பெற்றோர் எண்மர். பத்துத் தலைமுறை மேலே செல்லின், அத்தலைமுறையில் மட்டும் 1,024 முன்னோர்க்கு இடம் வேண்டும். புதிய செய்தி ஒன்று கிடைக்கும்போதெல்லாம் தாள் முழுவதையும் திருத்தி எழுத வேண்டும். வீட்டில் வைத்துப் பயன்படுத்தத்தக்க சிறு கணிப்பொறிகள் 1980-ஆம் ஆண்டுகளில் பரவியபோது, குடும்ப வரலாறு எழுதுவோர் அவற்றை மகிழ்ந்து வரவேற்றதில் வியப்பில்லை. முன்சொன்ன சபையாரே 1984-ஆம் ஆண்டில் 'பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். வேறு பலரும் தத்தம் மென்பொருள்களை ஆக்கி விற்றனர்.

அப்போதுதான் கிளாஸ்டரில் நேர்ந்த இடர்ப்பாடு இங்கும் நேர்ந்தது. ஒரு மென்பொருள் பிறந்த நாளை ஒரு முறையில் குறித்து வைத்தது; மற்றொன்று வேறு முறையில் வைத்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிக்க இயலவில்லை. தமையன் ஒரு மென்பொருளிலும் தம்பி வேறொரு மென்பொருளிலும் தம் குடும்ப வரலாற்றை எழுதினால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் இருவர் உழைப்பையும் ஒன்று சேர்க்க வழியில்லை. ஒவ்வொரு பெயரையும் மீண்டும் விரலால் தட்டி எழுதுவது ஒன்றே வழி. அவ்வாறு எழுதும்போது பிழைகள் புகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஜெட்காம் பிறந்த வரலாறு

இக்குறையை நீக்கச் சபையின் குடும்ப வரலாற்றுத் துறையினர் 1984-ஆம் ஆண்டிலேயே ஒரு நெறியை வகுத்தனர். அதன் பெயர் ஜெட்காம். 'மரபுவழிச் செய்திப் பரிமாற்றம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். சபையாரிடம் முன்னோர் விவரங்களை ஒரே வடிவில் சேர்ப்பிப்பதே அதன் முதல் நோக்கம். எனினும் பிற மென்பொருள் ஆக்குவோரும் அதனைப் பின்பற்றத் தொடங்கினமையால், நாளடைவில் அதுவே உலகப் பொது நெறியாயிற்று.

ஜெட்காமின் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு செய்தியும் ஒரு வரி. வரியின் முதலில் ஓர் எண், அடுத்து ஒரு சுருக்கக் குறி, அதன்பின் செய்தி. 0 என்னும் எண் புதிய பதிவு ஒன்று தொடங்குவதைக் காட்டும். 1 என்னும் எண் அப்பதிவின் உறுப்பையும், 2 என்னும் எண் அவ்வுறுப்பின் உட்பிரிவையும் காட்டும். மூலத்தில் குறிகள் ஆங்கிலச் சொற்களின் சுருக்கங்களாக இருக்கும். அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவரைப் பற்றிய பதிவைத் தமிழில் எழுதிப் பார்த்தால் பின்வருமாறு அமையும்:

0 ஆள் 1
1 பெயர் ஜார்ஜ் /வாஷிங்டன்/
1 பிறப்பு
2 நாள் 22 பிப்ரவரி 1732
2 இடம் வெஸ்ட்மோர்லாந்து, வர்ஜீனியா
1 இறப்பு
2 நாள் 14 டிசம்பர் 1799
2 இடம் மவுண்ட் வெர்னன், வர்ஜீனியா

இரு சாய்கோடுகளுக்கு இடையே உள்ளது குடும்பப் பெயர். ஆட்களுக்குத் தனிப் பதிவு இருப்பது போலவே குடும்பத்திற்கும் தனிப் பதிவு உண்டு. அதில் கணவன், மனைவி, மக்கள் ஆகியோரின் பதிவு எண்கள் இருக்கும். வாஷிங்டனின் தந்தையாகிய ஆகஸ்டின் இருமுறை மணம் புரிந்தவர். ஆகவே அவர் ஒரே ஆளாகப் பதிவு பெற்று, இரு குடும்பப் பதிவுகளில் கணவராக இடம் பெறுவார். இவ்வாறு ஆளையும் குடும்பத்தையும் வேறு வேறாகப் பிரித்து, எண்களால் இணைத்தமையே இந்நெறியின் வலிமை. இதனைக் கணிப்பொறி படிக்கும். வேண்டின் மனிதரும் கண்ணாற் படித்து உணரலாம்.

இவ்வெளிமையின் பயன் 2013-ஆம் ஆண்டில் நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் மென்பொருள் நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் அதில் உழைத்தவர்கள் தம் செய்திகளை ஜெட்காம் வடிவில் எடுத்து, வேறு மென்பொருளுக்குக் கொண்டு செல்ல முடிந்தது. கருவி மறைந்தது, செய்தி பிழைத்தது. பொது நெறி இல்லாதிருப்பின் கருவியோடு செய்தியும் மறைந்திருக்கும் அன்றோ?

நெறியிற் கண்ட குறைகள்

எனினும் ஒரு நாட்டாரின் தேவைக்கென வகுத்த நெறி, உலகத்தாரின் வாழ்க்கை முழுவதையும் அடக்குதல் அரிது. ஜெட்காமில் காணப்பட்ட குறைகளுட் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது எழுத்து. 1990-ஆம் ஆண்டுகளில் இந்நெறி பெரிதும் சார்ந்திருந்த எழுத்துத் தொகுதியில் இலத்தீன் வரிவடிவ எழுத்துகளும் அவற்றின் மேலும் கீழும் இடும் குறிகளுமே இருந்தன. தமிழ், அரபு, சீனம் ஆகிய மொழிகளின் எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. தமிழ்ப் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதினால் ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு மறைகின்றது. வள்ளி, வல்லி என்னும் இரு பெண்டிர் ஒருவராகத் தோன்றக்கூடும். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு என்னும் உலக எழுத்துத் தொகுதியில் தமிழ் முதற்பதிப்பிலேயே இடம் பெற்றது. குடும்ப வரலாற்று நெறியில் அது வேரூன்றப் பல்லாண்டுகள் சென்றன.

இரண்டாவது காலம். வாஷிங்டன் பிறந்தபோது இங்கிலாந்தும் அதன் குடியேற்ற நாடுகளும் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தன. புத்தாண்டும் மார்ச்சு மாதம் 25-ஆம் நாளே பிறந்தது. அதன்படி அவர் பிறந்த நாள் 1731 பிப்ரவரி 11. 1752-ஆம் ஆண்டில் புதிய நாட்காட்டி வந்தபோது செப்டம்பர் 2-ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஆண்டின் தொடக்கமும் சனவரிக்கு மாறிற்று. புதிய கணக்கில் அவர் பிறந்த நாள் 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாளே. நாட்காட்டியின் பெயரைக் குறியாமல் விட்டால், கணிப்பொறி ஒருவரை இருவராகக் கருதிவிடும். நெறியில் நாட்காட்டியைக் குறிக்க வழி உண்டு. அதனை எல்லா மென்பொருள்களும் போற்றாமையே துன்பத்திற்குக் காரணமாயிற்று.

மூன்றாவது உறவு. வாஷிங்டனுக்கு மக்கட்பேறு இல்லை. 1759-ஆம் ஆண்டில் மார்த்தா என்னும் கைம்பெண்ணை அவர் மணந்தார். அவ்வம்மையாருக்கு முதல் மணத்திற் பிறந்த பிள்ளைகள் இருவரைத் தம் இல்லத்தில் வளர்த்தார். பெற்ற பிள்ளை, வளர்த்த பிள்ளை, தத்துப் பிள்ளை என்னும் வேறுபாடுகளைக் குறிக்க நெறியில் இடம் இருந்தும், அவ்வரியைப் படியாது விட்டுவிடும் மென்பொருள் ஒன்று எல்லோரையும் பெற்ற பிள்ளைகள் ஆக்கிவிடும். வண்டியிலிருந்து தவறி விழுந்த மூட்டையைக் கண்ணாற் காணலாம். இவ்வாறு தவறி விழுந்த வரியையோ ஒருவரும் காண்பதில்லை. குடும்ப வரலாற்றில் அஞ்சத்தக்க இழப்பு இத்தகைய ஓசையற்ற இழப்பே.

நான்காவது சான்று. ஒருவர் இன்ன ஆண்டிற் பிறந்தார் என்று கல்லறைக் கல் ஒன்று கூறுகின்றது. கோயிற் பதிவேடு வேறோர் ஆண்டைக் கூறுகின்றது. ஆராய்ச்சியாளர் இரண்டையும் எடைபோட்டு ஒரு முடிவிற்கு வருகின்றார். முடிவை மட்டும் பிறருக்கு அனுப்பி, சான்றுகளை விட்டுவிட்டால், பெற்றவர் அதனைச் சரிபார்ப்பது எவ்வாறு? சான்று வேறு, முடிவு வேறு என்பதை நெறியே வற்புறுத்த வேண்டும் என்று அறிஞர் பலர் கருதினர்.

பெயரற்றோர் வரலாறு

மேற்கூறிய குறைகளினும் உள்ளத்தை வருத்துவது ஒன்றுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதற்கு முன், 1850, 1860-ஆம் ஆண்டுகளில் எடுத்த குடிக்கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அப்பட்டியலில் உடைமையாளரின் பெயர் உண்டு. அவர்கீழ் வாழ்ந்த அடிமைகளின் வயதும் பாலும் நிறமும் உண்டு. ஆனால் அவர்களுடைய பெயர்கள், மிகச் சில இடங்கள் தவிர, எழுதப்படவில்லை. 1870-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேதான் அவர்கள் அனைவரும் பெயரோடு மனிதராகப் பதிவு பெற்றனர்.

அவர்களுடைய வழித்தோன்றல் ஒருவர் இன்று தம் மூதாட்டியைத் தேடுகின்றார் என்று கொள்வோம். முப்பது வயதுடைய பெண் ஒருத்தி என்பது மட்டுமே பட்டியலிற் கிடைக்கின்றது. மென்பொருளோ பெயரை எழுதினாலன்றி அடுத்த கட்டத்திற்குச் செல்ல விடுவதில்லை. அவர் 'அறியப்படாதவர்' என்று எழுதுகின்றார். அச்செய்தி வேறொரு மென்பொருளை அடைந்ததும் 'அறியப்படாதவர்' என்பதே பெயராகிவிடுகின்றது. அப்பெயருடையோர் ஆயிரவரை அது ஒருவரோ என ஐயுறுகின்றது. 'பெயர் இல்லை' என்பது வேறு. 'பெயரை நாம் அறியோம்' என்பது வேறு. 'அப்படி ஒரு பெயர்' என்பது முற்றிலும் வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாத நெறி, முன்னே பெயரிழந்து வாழ்ந்தவர்க்கு மீண்டும் ஒருமுறை தீங்கு செய்வதாகும்.

தமிழ் மக்களுக்கும் இதனோடு தொடர்பு உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்களின் முதற் கூட்டம் அதில் இருந்தது. 1911-ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் அளித்து, பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியவற்றைக் கப்பற் பட்டியலில் எழுதினர். எழுதியவர் தம் செவியில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் எழுதினமையால் ஒரே ஊர் பல வடிவம் பெற்றது. குடும்பப் பெயர் என்னும் வழக்கம் இல்லாத மக்களுக்கு, தந்தையின் பெயரோ வேறொரு பட்டமோ அந்நாட்டில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடி வருகின்றனர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இடும் தமிழ் வழக்கத்தைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மென்பொருள், தந்தைக்கும் மகனுக்கும் வேறு வேறு குடும்பம் கற்பித்துவிடும். சாய்கோடின்றிப் பெயரை எழுத ஜெட்காம் இடம் தருகின்றது. ஆயினும் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருளின் முன் அவ்வுரிமை பயனற்றுப் போகின்றது.

திருத்த முயன்றோர்

இக்குறைகளை அறிந்தோர் வாளா இருக்கவில்லை. 1990-ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்காவில் ஜென்டெக் என்னும் அமைப்பைச் சார்ந்தோர், சான்றையும் முடிவையும் பிரித்துக் காட்டும் மாதிரி ஒன்றை வகுத்தனர். 2010-ஆம் ஆண்டில் 'மேலான ஜெட்காம்' என்னும் பொருள்படும் பெயருடன் ஆர்வலர் குழு ஒன்று கூடிற்று. அதன் விளைவாக 2012-ஆம் ஆண்டில் குடும்ப வரலாற்றுச் செய்திகளுக்குப் பொது நெறி காணும் பன்னாட்டு அமைப்பு ஒன்று தோன்றியது. அதே ஆண்டில் ஃபேமிலிசர்ச் அமைப்பும் 'ஜெட்காம் எக்ஸ்' என்னும் புதிய மாதிரியை வெளியிட்டது. இவற்றுள் சில, பழைய ஜெட்காமினும் நுட்பம் மிக்கவை. ஆயினும் அவற்றுள் ஒன்றும் பழைய நெறியை அகற்றவில்லை.

ஏன் அகற்றவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. பழைய ஜெட்காமின் 5.5.1 என்னும் வடிவம் 1999-ஆம் ஆண்டில் வரைவாக வெளிவந்தது. இருபது ஆண்டுகள் அது வரைவாகவே கிடந்தது. 2019-ஆம் ஆண்டிலேதான் இறுதி வடிவம் என்று அறிவிக்கப்பட்டது. எனினும் அந்த இருபது ஆண்டுகளிலும் மென்பொருள் ஆக்கியோர் அதனையே பின்பற்றினர். ஏனெனில் பிறர் அனைவரும் அதனையே பின்பற்றினர். நூறு பேர் பேசும் குறையுள்ள மொழி, ஒருவரே பேசும் குறையற்ற மொழியினும் பயனுடையது. புதிய நெறிக்கு முதலில் மாறுவோர்க்குச் செலவு உண்டு. ஆனால் மற்றவரும் மாறும் வரையில் பயன் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் மாறட்டும் என்று காத்திருந்தனர். அகன்ற பாதை 1892 வரை நீடித்ததற்கும் இதுவே காரணம் எனலாம்.

இதனை உணர்ந்தே 2021-ஆம் ஆண்டில் ஃபேமிலிசர்ச் அமைப்பினர் ஜெட்காம் 7.0 என்னும் வடிவத்தை வெளியிட்டனர். பல நிறுவனத்தாரும் ஆர்வலரும் கலந்து ஆய்ந்து உருவாக்கிய வடிவம் அது. பழைய எண்களும் குறிகளும் பெரும்பாலும் மாறாமல் இருக்க, குறைகளை நீக்க அவர்கள் முயன்றனர். எல்லா மொழிகளின் எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு எழுத்துமுறை கட்டாயம் ஆயிற்று. முன்னே வரியொன்றுக்கு 255 எழுத்து என எல்லை வகுத்து, நீண்ட செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி எழுதினர்; சேர்க்கும்போது சொற்கள் ஒட்டிக்கொள்வதும் பிளவுபடுவதும் உண்டு. அவ்வெல்லை நீக்கப்பட்டது. முன்னே பழைய படங்கள் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் செல்ல, படங்கள் பின்தங்கின; இப்போது படங்களையும் செய்தியோடு ஒரே பொதியில் அனுப்ப வழி ஏற்பட்டது. 'திருமணம் நடைபெறவில்லை' என்று உறுதியாக அறிந்ததைத் தனியே குறிக்கவும் ஒரு குறி அமைந்தது. ஒருவர் புதிதாகச் சேர்க்கும் குறிக்கு இன்னது பொருள் என்று விளக்கம் தரவும் இடம் உண்டாயிற்று. இப்புதிய வடிவமும் எல்லாராலும் ஏற்கப்பட்டால்தான் முழுப்பயன் தரும்.

நமது கடமை

மாணவர்களே! பொது நெறி வகுப்போர் எத்துணை நுண்ணறிவினர் ஆயினும், செய்தியைத் திரட்டுவோர் கவனமின்றி இருப்பின் அந்நெறியாற் பயனில்லை. ஆகவே தம் குடும்ப வரலாற்றை எழுத விரும்புவோர் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். பாட்டி சொன்னது பாட்டி சொன்னதாகவும், பத்திரத்திற் கண்டது பத்திரத்திற் கண்டதாகவும் குறித்தல் வேண்டும். அறியாததை ஊகித்து நிரப்பாமல், அறியோம் என்றே எழுதுதல் வேண்டும். ஊர்ப் பெயர்கள் மாறுவதுண்டு. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரம் 1914-இல் பெட்ரோகிராடு ஆகி, 1924-இல் லெனின்கிராடு ஆகி, 1991-இல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. ஆதலின் பதிவேடு காட்டும் பெயரை மாற்றாமல் எழுதி, இன்றைய பெயரை அருகிற் குறித்தல் நன்று. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை அவர்தம் இசைவின்றிப் பிறருக்கு அனுப்புதல் கூடாது. எழுதிய அனைத்தையும் பொது நெறியின் வடிவிலும் ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும். அவ்வாறு எடுத்த படியை மீண்டும் திறந்து, ஏதேனும் விடுபட்டதா என்று ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும்.

கிளாஸ்டர் நிலையத்தில் உடைந்த பண்டங்களுக்கு விலை உண்டு. மீண்டும் வாங்கிக் கொள்ளலாம். முதியவர் ஒருவர் வாழ்நாளெல்லாம் கேட்டும் தேடியும் சேர்த்த முன்னோர் பெயர்கள் ஒருமுறை அழிந்தால், அவற்றை விற்பார் எவரும் இல்லை. நேட்டாலில் கரையிறங்கிய ஒருவரின் ஊர்ப்பெயரும், எண்ணாக மட்டும் எழுதப்பட்ட ஒரு பெண்ணின் வயதும், அவர்களைத் தேடி வரும் பேரப்பிள்ளைகளின் கையை ஒரு சொல்லும் குறையாமல் சென்று சேர வேண்டும். பொது நெறி காண உழைப்போர் செய்வது அத்தொண்டேயாகும்.

வினாக்கள்

1. கிளாஸ்டர் நிலையத்தில் பயணிகள் வண்டி மாறியதன் காரணம் யாது?
2. ஜெட்காம் நெறியில் 0, 1, 2 என்னும் எண்கள் எவற்றைக் குறிக்கின்றன? உம் பாட்டனாரைப் பற்றிய பதிவு ஒன்றை அம்முறையில் எழுதுக.
3. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாள் இருவேறு வகையாகக் குறிக்கப்படுவது ஏன்?
4. 'பெயர் இல்லை', 'பெயரை அறியோம்' என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
5. குறையற்ற புதிய நெறிகள் பல தோன்றியும் பழைய நெறியே நிலைத்ததன் காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.